மில்ராவும் மிர்லாவும்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு வானத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அம்மாதான். ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததும் அம்மா ஒருத்திதான்.

"லிஃப்ட் கயிறு அறுந்தா எப்படி இருக்கும் மாப்ள? அப்படி இருந்துச்சு! எனக்கு முன்னாடி இருந்த தக்காளி ஜூஸ் எந்திரிச்சு நின்னுச்சு. நிஜமா. டம்ளர் கீழ போயிடுச்சு, ஜூஸ் மட்டும் மேலயே நின்னுச்சு. ஒரு செகண்ட் என்னைப் பாத்துச்சு. அப்புறம் நேரா வந்து என் சால்வை மேல உக்காந்துச்சு."

"அடடா," என்றார் மாப்பிள்ளை. பெரியவளின் கணவர், பல் டாக்டர். மற்றவர்கள் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது தான் வாயை மூடிக்கொண்டு கேட்பது அவருக்குத் தொழில்முறைப் பழக்கம். இது நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் அதே 'அடடா'வை அதே இடத்தில் பழுதில்லாமல் சொன்னார்.

அம்மா சமையலறைத் தொட்டியில் அந்தச் சால்வையைப் பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் லாண்டரி நடத்தியவள். லாண்டரியில் கொதிகலன் மாற்றும் வேலை மூன்று வாரம் நடக்கிறது என்பதால்தான் மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். அறுபத்தோரு வயதில் முதல் விமானப் பயணம்.

"அந்தப் பைலட்டு மட்டும் என் கையில கிடைக்கட்டும், காதைத் திருகி விட்டுடறேன். நம்ம சின்னவன் ஓட்டினா இப்படி ஒரு ஆட்டம் ஆடுமா? ஏண்டா, சொல்லேன்."

சின்னவன் சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவிய இடத்திலேயே தடவிக்கொண்டிருந்தான்.

"அவரைத் திட்டாதம்மா. அவர் நல்லா ஓட்டினார். அவர் மட்டும் அப்படி இறக்கலேன்னா..."

பெரியவள் இருமினாள். சின்னவன் ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான்.

"ஆமா, நீ உன் ஆளுங்களை விட்டுக் குடுப்பியா?" என்று அம்மா சிரித்தாள்.

இந்தக் குடும்பத்தை இப்போதுதான் சந்திப்பவர்களுக்காக நாலு வரி. பெரியவள் வான்வழிக் கட்டுப்பாட்டு மையத்தில் ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வானத்தில் போகிற விமானங்களுக்கு வழி சொல்கிறவள். சின்னவன் இன்னொரு ஊரில் இருக்கிறான், துணை விமானி. அம்மாவின் முதல் பயணம் என்று தெரிந்ததும், நண்பன் ஒருவனிடம் கெஞ்சிக் கூத்தாடி டியூட்டியை மாற்றிக்கொண்டான். அம்மாவின் விமானம் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தன் விமானம் தரையிறங்க வேண்டும், சீருடையோடு வாசலில் நின்று அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

அதனால்தான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே வானத்துக்கு வந்தார்கள். ஒருத்தி பயணியாக, ஒருவன் ஓட்டுகிறவனாக, ஒருத்தி திரையின் முன்னால்.

வானத்தில் சாலை இல்லை. ஆனால் சந்திப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். பெரியவள் சின்னவனின் விமானத்தை 'மில்ரா' என்ற சந்திப்புக்கு நேராகப் போகச் சொன்னாள். அது வலப்பக்கம் இருந்தது. ஆனால் அந்த விமானத்தின் வழிகாட்டும் கணினியில் ஏறியது 'மிர்லா'. அது அண்டை வான்பகுதியில், இடப்பக்கம் எங்கோ இருந்தது. விமானம் சொன்ன பேச்சுக் கேட்கிற ஜாதி. இடப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம், அதே உயரத்தில், அம்மா தக்காளி ஜூஸை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு கோடு வளைவதைப் பெரியவள் பார்த்தாள். "உடனே வலப்பக்கம் திரும்பவும்" என்று கத்தினாள். அம்மாவின் விமானத்திலிருந்த எச்சரிக்கைக் கருவி அதே கணத்தில் "இறங்கு, இறங்கு" என்றது. அந்த விமானி இறக்கினார். இரண்டும் கடந்து போயின. குறுக்கே அறுநூறு மீட்டர், உயரத்தில் முந்நூறு அடி. வானத்துக் கணக்கில் அது தோளும் தோளும் உரசிக்கொண்ட மாதிரி.

பெரியவளை உடனே திரையிலிருந்து எழுப்பி, இன்னொருவரை உட்கார வைத்தார்கள். அதுதான் விதி. "சார், திரும்பின விமானத்துல என் தம்பி. இறங்கின விமானத்துல என் அம்மா," என்று அவள் சொன்னபோது, ஷிஃப்ட் கண்காணிப்பாளர் பக்கத்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு இன்னொரு விதியைச் சொன்னார்: "நாளைக்கு மூணு மணிக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் குடுக்கணும். அதுவரைக்கும் நீங்களும் தம்பியும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாது."

ஒரு வார்த்தை பேசாமல் ஒரே வீட்டில் ஓர் இரவு கழிந்திருந்தது.

*

பத்தரை மணிக்கு இருவரும் ஒரே காரில் கிளம்பினார்கள். பெரியவளின் மையமும் சின்னவனின் கம்பெனி அலுவலகமும் விமான நிலையத்தை ஒட்டி எதிரெதிர்க் கட்டடங்கள். நாற்பது நிமிடப் பயணம்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு போல," என்றான் சின்னவன்.

"போன வாரம்தான் அடிச்சேன்."

"ஓ."

சிக்னல். சிவப்பு. இருவரும் அதை மும்முரமாகப் பார்த்தார்கள்.

"வைப்பர் புதுசா?"

"இல்ல. துடைச்சேன்."

"நல்லாத் துடைச்சிருக்க."

பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் முழங்கால் மேல் வைத்திருந்த விரல்கள் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. இல்லாத பொத்தான்களை. ஒரே ஐந்து எழுத்துகளை, திரும்பத் திரும்ப. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையைப் பிடித்துக்கொள்வது பேச்சில் சேருமா என்று விதியில் எழுதியிருக்கவில்லை. பிடித்துக்கொண்டாள். கியர் மாற்ற வேண்டி வந்தபோது மட்டும் விட்டாள்.

அவன் அலுவலக வாசலில் கார் நின்றது. அவன் இறங்கவில்லை.

"அக்கா..."

"மூணு மணிக்கு அப்புறம்டா."

"அதில்ல. பெல்ட் மாட்டிக்கிச்சு. வர மாட்டேங்குது."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். பெல்ட் படக்கென்று விட்டுக்கொண்டதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும் முன்பே நேற்று ஞாபகம் வந்து பாதியில் நின்றது.

*

மையத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. மேஜை மேல் ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர். கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டியதில் அவர் தலைமுடியில் குறுக்காக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வாரினாலும் போகாது.

"பதிவைப் போடறேன். கேட்டுட்டு எழுதுங்க. அவசரமே இல்ல," என்றார்.

முதலில் பெரியவளின் குரல் வந்தது. மில்ராவுக்கு நேராகப் போகலாம் என்றது. அடுத்து சின்னவனின் குரல். விதிப்படி அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னது. பிறகு மறுபடியும் அவள் குரல்: "சரி."

கண்காணிப்பாளர் நிறுத்தினார். அவர் முகத்தில் நேற்றிலிருந்து இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"தெளிவா இருக்கும்மா. நீங்க மில்ரான்னீங்க, அவரும் மில்ரான்னார், நீங்க சரின்னீங்க. அவங்க கணினியில போடும்போது எழுத்தை மாத்திப் போட்டுட்டாங்க. உங்க பக்கம் ஒரு குத்தமும் இல்ல. கோடு வளைஞ்சதைக் கண்டுபிடிச்சதும் நீங்கதான். பாராட்டித்தான் எழுதுவாங்க."

பெரியவளுக்கு மூச்சு வந்தது. கூடவே, செருப்புக்குள் மணல் போல ஏதோ ஒன்று உறுத்தியது.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

போட்டார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திரையைப் பார்க்காமல், அந்தச் சந்திப்பின் பெயரை நினைக்காமல், பேசுகிறவன் யாரோ ஓர் அந்நியன் என்று வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டதும் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

சின்னவன் நாலு வயதுவரை பேசியது ஊரில் யாருக்கும் புரியாது. எழுத்துகளை இடம் மாற்றிப் போடுவான். குதிரை அவனுக்குக் 'குருதை'. கலர் பென்சில் 'கரல் பென்சில்'. லாரி 'ராலி'. அழுதுகொண்டே பேசினால் அம்மாவுக்கே விளங்காது. மழலையர் வகுப்பு டீச்சர், மூன்றாம் வகுப்பிலிருந்த பெரியவளுக்கு ஆள் அனுப்புவார். அவள் வந்து கேட்டு, "மிஸ், கலர் பென்சில் வேணுமாம்," என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு மட்டும் எப்படிப் புரியும் என்று எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். அவள் ஒரு வித்தையும் செய்யவில்லை. அவன் என்ன சொன்னாலும், சொல்ல வந்தது எதுவோ அதுதான் அவள் காதில் விழும். அவன் வளர்ந்தான், நாக்கு திருந்தியது, விமானி ஆனான். அவள் காது திருந்தவில்லை.

"சார், அவன் மில்ரான்னு சொல்லல. மிர்லான்னு சொல்றான்."

"என்னம்மா சொல்றீங்க?"

"மெதுவா ஓட விட்டுப் பாருங்க."

அவர் வேகத்தைக் குறைத்துப் போட்டார். தடித்து, இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சின்னவன் குரல் வந்தது. மி... ர்... லா. அதற்கு மேல் சந்தேகமே இல்லை.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷமா இதே வேலை. எனக்கு மில்ரான்னுதான் கேட்டுச்சு."

"எனக்கும்தான் சார். அவன் தப்பா சொன்னான், நான் சரின்னேன். கணினியில அவன் எழுத்தை மாத்திப் போடல. சொன்னதைத்தான் போட்டான். நான் 'இல்ல, மில்ரா'ன்னு ஒரு தடவை திருத்தியிருந்தா விமானம் திரும்பியே இருக்காது."



"இதை எழுதினா உங்க லைசென்ஸை நிறுத்தி வெப்பாங்க," என்றார் அவர், மெதுவாக. "திரும்பப் பயிற்சி, பரீட்சை, எல்லாம் முதல்லேருந்து. எத்தனை மாசம் ஆகும்னு சொல்ல முடியாது. எழுதலேன்னா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நல்ல மனிதர். முடிக்கவும் பிடிக்கவில்லை, சொல்லாமல் விடவும் மனசு கேட்கவில்லை.

"எழுதலேன்னா, சரியா சொல்லிட்டுத் தப்பாப் போட்டான்னு அவன் மேல முழுசா விழும். அது நடக்கவே இல்லையே சார்."

பேனாவை எடுத்தாள். பதிவில் உள்ளதை எழுதினாள். கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதினாள்: அந்த நேர்வழியை அவள் கொடுத்தது விதிப்படி சரி, ஆனால் தம்பி பத்து நிமிடம் முன்னதாக இறங்கினால் அம்மாவை வாசலில் நின்று வரவேற்க முடியும் என்ற எண்ணமும் அப்போது அவள் மனதில் இருந்தது. அதை எழுதும்போதுதான் முதல் முறையாகக் கண் நிறைந்தது. தாளில் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

*

கார் நிறுத்துமிடத்தின் குட்டைச் சுவரில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அது பாதி வெளியே தொங்கியது. மணி நாலு ஆகப் போகிறது. தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே ஏறிப் போனது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்பப் பேசலாமா?" என்றான்.

"பேசலாம்."

இரவும் பகலும் அடக்கி வைத்திருந்தவர்களுக்கு, பேசலாம் என்றதும் பேச்சே வரவில்லை. பெரியவள் போய் இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பாத்தேன்க்கா," என்றான் அவன் டீயைப் பார்த்துக்கொண்டே. "கண்ணாடி வழியா. கீழ இறங்கிப் போச்சு. வால் தெரிஞ்சுது. ஜன்னல் வரிசை தெரிஞ்சுது. ஒண்ணு ஒண்ணா எண்ணலாம். அப்ப அது அம்மா விமானம்னு தெரியாது. இறங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. வாசல்ல போய் நின்னேன். அம்மா வந்தா. தூரத்துலேருந்து பாக்கறேன், சால்வை முழுக்கச் சிவப்பு. எனக்கு உசுரே போயிடுச்சு. கிட்ட வந்து சிரிக்கறா. 'ஜூஸுடா'ங்கறா."

அவன் தோள் குலுங்கியது. பெரியவள் அவன் முதுகில் கை வைத்தாள். 

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, அடிக்க விட்டுவிட்டான்.

"கேப்டன். காலையிலேருந்து ஏழாவது தடவை. 'கட்டுப்பாட்டு மையத்துலேருந்து வந்த பேரு தெளிவா கேக்கலன்னு எழுது, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்'ங்கறார். நான் போட்டதை அவர் சரி பாக்கணும். பாக்காமலே தலையாட்டிட்டார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறார். பயப்படறார்."

"நீ என்ன எழுதின?"

"உன் குரல் எனக்கு எங்கேருந்து கேட்டாலும் தெளிவாத்தான் இருக்கும்னு எழுத முடியுமா? நான் தப்பாக் காதுல வாங்கிட்டேன்னு எழுதிட்டேன். முழுக்க என் தப்பு. உனக்கு ஒண்ணும் வராது."

பெரியவள் கோப்பையைச் சுவர் மேல் வைத்தாள்.

"நீ சரியாத்தான் கேட்டிருப்படா. தப்பாத் திருப்பிச் சொல்லியிருக்க. நீ தப்பாச் சொன்னதை நான் சரியாக் கேட்டுட்டேன்."

"என்னக்கா குழப்பற?"

"மிர்லான்னு சொல்லியிருக்க. குருதை மாதிரி."

அவனுக்குப் புரிய இரண்டு வினாடி ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது. "இன்னுமா? எனக்கு முப்பத்தோரு வயசுக்கா!"

"நேத்து அது உனக்கு நாலாவது பயணம். களைப்பு. அம்மாவை நினைச்சுட்டு இருந்திருப்ப."

"இருந்தேன்." பிறகு திடீரென்று அவள் பக்கம் திரும்பினான். "நீ அதை எழுதிட்டியா? உன் பேர்லயும் போட்டுக்கிட்டியா? யாருக்கா உன்னைக் கேட்டா? உன் வேலை என்னாகும்? நான் ஒருத்தன் மாட்டினாப் போதாதா?"

"கத்தாத."

"கத்துவேன்! எப்பப் பாத்தாலும் எனக்காக..."

"உனக்காகன்னு யார் சொன்னா?" பெரியவளும் குரலை உயர்த்தினாள். "பதிவுல இருக்கறதை எழுதினேன். முந்நூறு பேர் மேல போயிட்டிருந்தாங்கடா. நாளைக்கு வேற ஒரு அக்கா, வேற ஒரு தம்பி... எவனோ எவளோ... இதே மாதிரி தப்பைச் சரின்னு கேட்டா? மில்ரா, மிர்லான்னு அந்த ரெண்டு பேரும் வானத்துல ஒரே ராகத்துல ஒலிக்குதுன்னு யாராவது எழுதினாத்தானே ஒண்ணை மாத்துவாங்க?"

காவலாளி ஒருவர் எட்டிப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தார்கள். ஆறிப் போயிருந்தது.

"இனிமே நான் அந்த சீட்ல உக்கார மாட்டேன்க்கா," என்றான் கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணக் குரலில். "விசாரணையில விட்டாலும் சரி. பொத்தானைத் தட்டும்போதெல்லாம் அந்த ஜன்னல் வரிசைதான் தெரியும்."

பெரியவள் எழுந்தாள். கார்ச் சாவியை எடுத்தாள்.

"முதல்ல அம்மாகிட்ட சொல்லலாம். வா."

*

சொன்னார்கள். வரவேற்பறையில், சோபாவில் அம்மா, எதிரே இரண்டு நாற்காலியில் இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை கிளினிக்கில் இருந்தார். சின்னவன்தான் சொன்னான். சுற்றி வளைக்காமல், எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னான். பெரியவள் தன் பங்கைச் சேர்த்தாள்.

அம்மா குறுக்கே பேசவில்லை. பேசாத அம்மாவை இருவரும் பார்த்துப் பழகவில்லை.

"உன் விமானத்துல எத்தனை பேர்?" என்றாள் கடைசியில்.

"நூத்தி எழுபத்திரெண்டு."

"என்னோடதுல?"

"நூத்தி நாப்பத்தாறு," என்றாள் பெரியவள்.

அம்மா எழுந்தாள். சின்னவன் முன்னால் வந்து நின்று, தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். மூட்டை மூட்டையாக ஈரத் துணி தூக்கிய கை. இன்னொரு அடி. இரண்டாவது அடி விழுந்த கை அங்கேயே தங்கிவிட்டது. சட்டையோடு சேர்த்து அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டது. அவன் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அப்படியே நின்றபடி, மறு கையால் பெரியவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "உனக்கும் ஒண்ணு. பாக்கி எதுக்கு?"

பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"காலையில சொன்னேனே, ஜூஸ் எந்திரிச்சு நின்னுச்சுன்னு," என்றாள் அம்மா. "அதெல்லாம் அப்புறம் யோசிச்சு யோசிச்சு வேடிக்கையாக்கிச் சொன்னது. நீங்க ரெண்டு பேரும் பயந்துக்கக் கூடாதேன்னு. அப்ப எனக்கு ஜூஸும் தெரியல, ஒண்ணும் தெரியல. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்தேன் போல. சத்தமா. பக்கத்து சீட்டுக்காரர்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ஆறடி இருப்பார். இந்தப் பெரிய கை. பாத்தா, என்னைவிட அதிகமா அவர் கைதான் நடுங்குது."

"யாரும்மா அவர்?"

"கிரேன் ஓட்டறவராம். துறைமுகத்துல. தினமும் அறுபது மீட்டர் உயரத்துல கூண்டுக்குள்ள உக்காந்து வேலை செய்யறவர். அவருக்கும் அதுதான் முதல் விமானம். மகளுக்கு ஆபரேஷன்னு வந்திருக்கார். இறங்கினப்புறம், படியில கால் வைக்க முடியாம அஞ்சு நிமிஷம் நின்னார். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். நம்பர் வாங்கிக்கிட்டேன். மதியம் பேசினேன். மக நல்லா இருக்காளாம். ஆனா அவர், ஞாயித்துக்கிழமை திரும்பிப் போக விமானம் ஏற மாட்டாராம். மூணு நாள் பஸ்ஸுல போறேங்கறார். அது கூடப் பரவாயில்ல. இனிமே கூண்டுல ஏறவே முடியாது போலிருக்கும்மான்னு சொல்றார்."

சின்னவன் முகத்தை விலக்கி அவளைப் பார்த்தான்.

"நான் உன்னைப் பெத்தவ. நான் மன்னிச்சா அது ஒரு பெரிய விஷயமாடா? அவருக்கு யார் சொல்றது?"

"விசாரணை முடியற வரைக்கும் வெளியாளுங்ககிட்ட..." என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

"விசாரணையைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். யார் பேரும் சொல்ல வேணாம். குறுக்க வந்த விமானத்துல நான்தான் இருந்தேன்னு மட்டும் இவன் சொல்லட்டும். அதுக்குக் கூடவா விதி இருக்கு?"

இருந்தாலும் இருக்கும். பெரியவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மா அதற்குள் தன் போனில் அவர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, சின்னவனின் கையில் வைத்துவிட்டாள்.

நாலு முறை மணி அடித்தது. "சொல்லுங்கம்மா," என்றது ஒரு கனத்த குரல். பின்னால் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம்.

"அம்மா இல்லீங்க. அவங்க பையன் பேசறேன்." சின்னவன் போனை வாயருகே நகர்த்திக்கொண்டான். "நேத்து... உங்க விமானம் திடீர்னு இறங்கினது, குறுக்க இன்னொரு விமானம் வந்ததாலதாங்க. அந்த விமானத்துல நான்தான் இருந்தேன். ஓட்டினவங்கள்ல நான் ஒருத்தன்."

அந்தப் பக்கம் சக்கரச் சத்தம் தேய்ந்து நின்றது. அவர் எங்கோ ஒதுங்கி நின்றிருக்க வேண்டும்.

"உங்கம்மா இருந்த விமானமாச்சே தம்பி," என்றார்.

"ஆமாங்க."

"ஐயோ."

அந்த 'ஐயோ'வில் கோபம் இருக்கும் என்று பெரியவள் காத்திருந்தாள். இல்லை. சுமையைத் தூக்குகிறவன் பக்கத்தில் கை கொடுக்க வந்தவன் சொல்கிற மாதிரி இருந்தது.

"மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்குக் கூட எனக்கு..." சின்னவனால் முடிக்க முடியவில்லை.

"இருங்க தம்பி. நான் ஒண்ணு சொல்றேன். பதினஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பெட்டியைத் தப்பான இடத்துல இறக்கிட்டேன். இரும்புப் பெட்டி, இருபது டன். கீழ ஆள் நின்னான். ஒரு அடி தள்ளி விழுந்துச்சு. ஒரு அடிதான். அவன் இன்னிக்கும் உயிரோட இருக்கான். எனக்கு அதுக்கப்புறம் பத்து நாள் கூண்டுல ஏற முடியல. பதினோராம் நாள் யாரோ ஏத்தி விட்டாங்க." அவர் நிறுத்தினார். மூச்சு வாங்குவது கேட்டது. "இப்ப மறுபடியும் கால் வரமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை டிக்கெட் பையிலேயே இருக்கு. கிழிக்கவும் மனசு வரல."

"விமானம் பத்திரம்தாங்க," என்றான் சின்னவன். "நேத்து உங்களை ஓட்டினவர் ரொம்ப நல்லா..."

"அது எல்லாரும் சொல்றாங்க தம்பி. என் மக சொல்றா, நர்ஸு கூடச் சொல்றாங்க. நான் உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நீங்க திரும்பவும் ஓட்டுவீங்களா?"

சின்னவன் அக்காவைப் பார்த்தான். பெரியவள் வாயைத் திறக்கப் போய், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஓட்டுவேன்னு சொன்னா, நான் ஏறறேன்," என்றது அந்தக் குரல்.

போனைப் பிடித்திருந்த கையைச் சின்னவன் மாற்றிக்கொண்டான். நெற்றியைத் துடைத்தான். ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று.

அந்தப் பக்கம் கிரேன்காரர் போனை வைக்கவில்லை.